மாணிக்கவேலு மாளிகையில் ஓவியம் பார்ப்பது எப்படி: நெல்லைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூருவுக்கு ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மாலை திருநெல்வேலி டவுனுக்குப் போய், நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தின் நடுவில் நின்று முன்னும் பின்னும் பாருங்கள். ஒரு பக்கம் சுவாமி கோயில், மறுபக்கம் காந்திமதி அம்மன் கோயில். தனித்தனியாக நின்ற இரண்டையும் 1647இல் வடமலையப்ப பிள்ளையன் இந்த மண்டபத்தைக் கட்டிக் கோத்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே அதன் வழியாக நடந்து பழகிவிட்டதால், அது ஒரு இணைப்பு என்பதே நமக்கு மறந்துபோயிற்று.

பெங்களூருவில் உள்ள தேசிய நவீன ஓவியக்கூடமும் அப்படித்தான். மாணிக்கவேலு மாளிகை என்று ஒரு பழைய மாளிகை, அதை ஒட்டி இந்த நூற்றாண்டில் எழுந்த புதுக் கட்டடம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. போகிறவர்களில் பலர் அத்தனை படத்தையும் வேகமாகப் பார்த்துவிட்டு, கட்டடத்தைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். இப்போது கேட்டால், கட்டடத்தை முழுதாகப் பாருங்கள், படங்களில் முக்கால்வாசியை விட்டுவிடுங்கள் என்பேன். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஊரிலேயே ஒத்திகை

சங்கிலி மண்டபம் ஆயிற்றா? அடுத்து ஒரு நாள் குற்றாலம். சீசனில் வேண்டாம், அருவிக் கூட்டத்தில் துண்டைத் தேடவே நேரம் போதாது. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் இரண்டு நம்ம பக்கம்தான்: டவுனில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, முன்னால் தெப்பக்குளத்தோடு தனியாக இருக்கும் கட்டடம் அது. உள்ளே சுவரெல்லாம் படம். ஓவியத்துக்கென்றே ஒரு சபை வைத்திருக்கிற ஊர்க்காரர்கள், “மாடர்ன் ஆர்ட்டெல்லாம் நமக்கெங்கே புரியப்போகிறது” என்று தயங்குவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சித்திர சபையில் இதைச் செய்து பாருங்கள். எங்கும் நிற்காமல் ஒரு சுற்று வாருங்கள். அப்புறம், எந்தப் படம் கண்ணைப் பிடித்து இழுத்ததோ அதன் முன்னால் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கைபேசி பையில் இருக்கட்டும். இரண்டாவது நிமிடத்தில் சலிப்பு வரும். மூன்றாவது நிமிடத்தில், முதலில் கண்ணில் படாத ஒரு விரலோ, ஒரு குதிரையோ, ஓரத்தில் நிற்கும் ஆளோ தெரிய ஆரம்பிக்கும். பெங்களூருவில் செய்யவேண்டியதும் இவ்வளவுதான்.

இன்னொரு ஒத்திகையை வீட்டுச் சுவரிலேயே செய்யலாம். பழைய சாமிப் படக் காலண்டர் மாட்டியிருந்தால் எடுத்துப் பாருங்கள். கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்த கொண்டையராஜுவோ (1898–1976) அவருடைய சீடர்களோ வரைந்த படமாக அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர் அவர். அவர் கைப்படம் சிவகாசி அச்சகங்கள் வழியாக எத்தனையோ வீட்டுப் பூசை அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மனின் பட்டுப்புடவை மடிப்பு, பின்னால் விரியும் மலை, மேகம் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் புடவை மடிப்பின் தாத்தாவை நாம் நேரில் பார்க்கப் போகிறோம்.

எந்தக் கூடம்

தேசிய நவீன ஓவியக்கூடம் மூன்று ஊர்களில் இருக்கிறது. மூத்தது டெல்லி; 1954இல் ஜெய்ப்பூர் ஹவுஸில் தொடங்கியது. ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக ஆர்தர் பிளோம்ஃபீல்டு வடிவமைத்த, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோன்ற அமைப்புள்ள வீடு. அதற்கும் 2009இல் பெரிய புது விரிவாக்கம் வந்தது. மும்பையில் இருப்பது வேறு மாதிரி: பழைய கவஸ்ஜி ஜஹாங்கீர் ஹாலின் வெளிச்சுவரை அப்படியே வைத்து உள்ளேயே புதிய தளங்களைக் கட்டி, 1996இல் திறந்தார்கள். மூன்றாவது பெங்களூரு. 2009 பிப்ரவரியில் திறந்தது.

நமக்குப் பக்கம் பெங்களூரு. ஒரு இரவு ரயில், ஒரு பகல், மறுபடி ஒரு இரவு ரயில் என்று முடித்துவிடலாம். கூடம் சின்னது என்பது என் கணக்கில் இன்னொரு நல்ல காரணம். டெல்லிக் கூடத்தை ஒரே நாளில் பார்க்கப் பார்த்தால் கால் கடுத்து, கடைசி அறைகளில் நாற்காலியைத்தான் கண் தேடும்.

நாள் குறிப்பது

திங்கட்கிழமை விடுமுறை. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை ஞாயிறு இரவு ரயிலேறி, திங்கள் காலை பூட்டிய கேட்டுக்கு முன்னால் பையோடு நின்றிருக்கிறேன். காவலாளி தமிழிலேயே, “நாளைக்கு வாங்க சார்” என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேசிய விடுமுறை நாட்களிலும் பூட்டியிருக்கும்.

இதைவிட மோசமான ஏமாற்றம் ஒன்று உண்டு. கூடம் திறந்திருக்கும், பாதி அறைகள் மட்டும் மூடியிருக்கும். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது ஏறும்வரை, படங்களை இறக்கி ஏற்ற இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். வேறொரு ஊரில் ஒரு கூடத்தில் எனக்கு இது நடந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் சொன்னார்கள். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: இப்போது என்ன கண்காட்சி, நிரந்தரச் சேகரிப்பு திறந்திருக்கிறதா, புதிய கட்டடம் முழுவதும் பார்க்கலாமா. திறக்கும் நேரத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

கிழமையில் செவ்வாய், புதன் நல்லது. வாரக்கடைசியில் கல்லூரிப் பிள்ளைகள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் பார்க்க அழகுதான், ஆனால் ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் தனியாக நிற்க முடியாது.

ரயில்

நாகர்கோவிலிலிருந்து பெங்களூரு போகும் இரவு ரயில் திருநெல்வேலி ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. மறுநாள் காலை கொண்டுபோய்ச் சேர்க்கும். தூத்துக்குடி, கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு மைசூரு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும்; பள்ளி விடுமுறைக் காலமென்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மதுரையிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. அதிகாலையில் கிளம்பி மதியம்தான் சேரும் என்பதால், ஒரு நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது.

கன்டோன்மென்டில் நிற்கும் ரயிலென்றால் அங்கேயே இறங்குவது வசதி. கூடம் இருக்கும் பேலஸ் ரோடு அங்கிருந்து பக்கம். மெஜஸ்டிக் பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் இறங்கினாலும் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஆட்டோக்காரரிடம் “நவீன ஓவியக்கூடம்” என்றால் விழிப்பார். “வசந்த் நகர், பேலஸ் ரோடு, மாணிக்கவேலு மேன்ஷன்” என்று சொல்லுங்கள்.

ரயிலிலிருந்து நேராகக் கூடத்துக்குப் போகாதீர்கள். ஸ்டேஷனில் குளித்து, உடை மாற்றி, வயிறு நிறைய டிபன் சாப்பிட்டு, பெரிய பையை அங்கேயே பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டுப் போங்கள். பசித்த வயிற்றோடு பார்த்தால் எல்லாப் படமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். செருப்பு நடந்து பழகியதாக இருக்கட்டும். புதுச் செருப்பை அன்றைக்குத் திறக்கவேண்டாம்.

வாசலில் இருபது நிமிடம்

நான் போனபோது நுழைவுச்சீட்டு 20 ரூபாய். சீட்டு வாங்கிய கையோடு உள்ளே ஓடாமல் வெளியிலேயே நின்று பாருங்கள். மூன்றரை ஏக்கர் வளாகம், பெரிய பெரிய மரங்கள். அத்தனை போக்குவரத்துக்கு நடுவில் இப்படியொரு நிழல் கிடைப்பதே அதிசயம்தான்.

மாளிகையின் பெயரைப் பார்த்தீர்களா? மாணிக்கவேலு முதலியார். எளிய குடும்பத்திலிருந்து வந்து, மாங்கனீசுச் சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்து, மைசூர் அரச குடும்பத்திடமிருந்து இந்த வீட்டை வாங்கியவர் என்பார்கள். பின்னால் கை நொடித்தது. வீடு நகர வளர்ச்சி அமைப்புகளின் கைக்குப் போயிற்று. 2000இல் மத்திய கலாசார அமைச்சகத்துக்குக் குத்தகைக்கு வந்தது. பழைய வீட்டைச் செப்பனிட்டு, 1,260 சதுர மீட்டருக்குப் புதிய காட்சிக் கட்டடத்தைச் சேர்த்துக் கட்டினார்கள். ராஜா வீடு, முதலாளி வீடு, அரசாங்க இடம், இப்போது இருபது ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் நடந்துவரக்கூடிய இடம். நம்ம ஊரில் இப்படி எத்தனை ஜமீன் வீடு ஓடு சரிந்து கிடக்கிறது என்று அங்கே நிற்கும்போது ஒரு நினைப்பு வரத்தான் செய்தது.

கட்டடத்தை இப்படிப் பாருங்கள். முதலில் மாளிகையின் முகப்பை மட்டும்: தூண், வளைவு, ஜன்னல்கள், வெள்ளைச் சுவர். பிறகு பக்கவாட்டில் நடந்து, புதுக் கட்டடம் எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். அது மாளிகையைவிட உயர்ந்து நிற்கிறதா, பின்வாங்கி நிற்கிறதா? பழையதைப்போல வளைவு வைத்துக் காட்ட முயல்கிறதா, அல்லது நான் வேறு காலத்து ஆள் என்று வெளிப்படையாகச் சொல்கிறதா? வீட்டுக்கு மாடி எடுத்த எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். கீழே தாத்தா கட்டிய தேக்குத்தூண் வராந்தா, மேலே மகன் எடுத்த கான்கிரீட் பெட்டி. பாளையங்கோட்டைத் தெருக்களில் பாதி வீடு இப்படித்தான் இருக்கிறது. பழையதைப் போலி செய்யாமலும் அதன் தலையில் ஏறி உட்காராமலும் புதியதைக் கட்டுவது லேசான வேலையல்ல. இங்கே அது நன்றாக வந்திருக்கிறது என்பது என் கருத்து; நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் அதற்கும் காரணத்தைக் கட்டடத்திலேயே தேடுங்கள்.

தோள்பை, தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றையும் பொருள் வைக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும். பேனா வேண்டாம்; மை தெறித்தால் படத்துக்கு ஆபத்து என்பதால் பல கூடங்களில் பென்சிலைத்தான் விடுவார்கள். உள்ளே படம் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எடுக்கலாம் என்றாலும் ஃபிளாஷ் கூடவே கூடாது.

மாளிகைக்குள்: வீட்டைப் பாருங்கள்

எந்தப் படம் எந்த அறையில் என்பது கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். அதனால் அறைவாரியாகச் சொல்லிப் பிரயோசனமில்லை. எப்போது போனாலும் மாறாதது வீடு.

முதல் அறைக்குள் நுழைந்ததும், இது எந்த அறையாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். கூடமா, படுக்கை அறையா? கதவு எவ்வளவு அகலம்? ஜன்னல் மூடியிருக்கிறதா? வெளிச்சம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். காகிதத்தில் தீட்டிய படத்துக்கு வெளிச்சம் பகை. நீர்வண்ணம், அச்சுப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் காட்டக்கூடாது என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. எண்ணெய் வண்ணம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு தாங்கும். நம்ம வீட்டு வாசல் வெயிலில் மாட்டிய காலண்டர் ஆறு மாதத்தில் நீலம் மட்டும் மிச்சமாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் காரணம். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள், போதும்.

சரி, படங்கள். பெரும்பாலும் பார்க்கக் கிடைக்கும் சில பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரவி வர்மா (1848–1906). கிளிமானூர்க்காரர்; நமக்குச் செங்கோட்டை தாண்டினால் அடுத்த சீமை. எண்ணெய் வண்ணத்தில் புராணப் பெண்களை வரைந்தவர். 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து அந்தப் படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். கோவில்பட்டிக் காலண்டரின் வேர் இங்கேதான் இருக்கிறது. அசலுக்கு முன்னால் நிற்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முகம். புடவைக் கரையைப் பாருங்கள். தூரத்தில் நின்றால் சரிகை மின்னும். தடுப்புக் கயிறு விடுகிற அளவுக்குக் கிட்டே போனால் அது சரிகையே இல்லை, மஞ்சளும் பழுப்புமாகச் சில தீற்றல்கள். மறுபடி பின்னால் வாருங்கள், மறுபடி சரிகை. அச்சுப் படத்தில் இந்த வித்தை நடக்காது. அசலைப் பார்க்க இவ்வளவு தூரம் ரயிலேறி வருவது இதற்காகத்தான்.

அவனீந்திரநாத் தாகூரும் அவர் வழி வந்த வங்கத்துக்காரர்களும் அடுத்து. ரவி வர்மாவின் எண்ணெய்ப் பளபளப்பு வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள். ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து கற்ற ‘வாஷ்’ முறையில், வண்ணம் தீட்டிய காகிதத்தை நீரில் நனைத்து, உலர்த்தி, மறுபடி தீட்டி, மறுபடி நனைப்பார்கள். மார்கழிக் காலையில் தாமிரபரணிமேல் கிடக்கும் பனிபோல ஒரு மூட்டம் படத்தின்மேல் நிற்கும். இதற்குத்தான் அந்த மங்கல் வெளிச்சமே.

ஜாமினி ராய் (1887–1972) முன்னால் அத்தை என்னை நிறுத்திவைத்துவிட்டாள். இரண்டாம் தடவை போனபோது அவளையும் கூட்டிப்போயிருந்தேன். வயது எழுபதுக்கு மேல். படித்த ஓவியரான ஜாமினி ராய், மேல்நாட்டு முறையைக் கைவிட்டு வங்கத்துக் கிராமத்துப் படக்காரர்களின் பாணிக்குத் திரும்பினார். தடித்த கோடு, மீன்போல நீண்ட கண், தட்டை வண்ணம். வண்ணத்தைக்கூட மண், இலை, கரி என்று எடுத்து, பிடிப்புக்குப் புளியங்கொட்டைப் பசை சேர்த்தார். இதை நான் சொன்னதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“புளியங்கொட்டைப் பசையா? எங்கய்யா சப்பரத்துக்குத் தாள் ஒட்டுறது அதுலதான். பூச்சி அரிக்காம இருக்கணும்னு மயில்துத்தம் போடுவாவ. இவரு போட்டிருப்பாரா?”

என்னிடம் பதிலில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு படத்திலும் எதைக் குழைத்து எதன்மேல் பூசியிருக்கிறார்கள் என்றுதான் கேட்டாள். அதைவிட நல்ல கேள்வி இல்லை. பதில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கும். பெயர், ஆண்டு, எந்த வண்ணம் எதன்மேல், நீள அகலம் என்ற நான்கு விவரம். முதலில் படம், அப்புறம்தான் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டை முதலில் படித்தால் கண் பெயரைத்தான் பார்க்கும்.

அம்ரிதா ஷேர்கில் (1913–1941) படம் கிடைத்தால் விடாதீர்கள். அவருடைய முக்கியமான படங்கள் டெல்லியில்தான் அதிகம். புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் படித்தவர், 1936–37இல் தென்னாட்டுப் பயணம் வந்தார். கன்னியாகுமரிவரை வந்து போனார். அதன்பிறகுதான் ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ எல்லாம் வரைந்தார். அந்தக் கறுத்த தோளும் வெள்ளை வேட்டியும் நமக்குப் பழகிய உடம்பு. வரைந்த கண் புதுசு. இருபத்தெட்டு வயதில் இறந்துபோனார்.

ரவி வர்மா, தாகூர் குடும்பத்து மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாட்டின் கலைச்செல்வம் என்று அறிவித்திருக்கிறார்கள். அவற்றை விற்கலாம், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

இணைப்பில் நில்லுங்கள்

மாளிகையிலிருந்து புதுக் கட்டடத்துக்குக் கடக்கும் இடத்தில் பெரும்பாலானோர் வேகமாகப் போய்விடுவார்கள், அங்கே படம் இல்லை என்பதால். நீங்கள் நில்லுங்கள். சங்கிலி மண்டபத்தில் நின்றதுபோல முன்னும் பின்னும் பாருங்கள். தரை எங்கே மாறுகிறது? கூரை உயர்கிறதா? காலடிச் சத்தம் வேறாகிறதா? வெளியே மரம் தெரிகிறதா? கண்ணும் இங்கே ஓய்வெடுத்துக்கொள்ளும். மணி பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உட்கார வசதியிருந்தால் உட்காருங்கள், வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டும் வரலாம். நுழைவுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

புதிய கட்டடம்: ஏன் கட்டினார்கள்

குடியிருக்கக் கட்டிய வீட்டில் கதவு ஆள் நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். பத்தடிக் கேன்வாஸை உள்ளே கொண்டுபோக முடியாது. ஜன்னல் இருக்கிற சுவரில் படம் மாட்ட இடம் இருக்காது. ஒரே அளவில் குளிரும் ஈரப்பதமும் வைத்திருப்பது பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் பெரும்பாடு. 1947க்குப் பிறகு நம் ஓவியர்கள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். தரையில் வைக்கும் சிற்பம், அறை முழுவதும் பரப்பிவைக்கும் அமைப்பு என்றெல்லாம் வந்தது. அதற்கெல்லாம் ஜன்னலில்லாத நீளச் சுவரும் உயரக் கூரையும் வேண்டும். புதுக் கட்டடம் வந்தது அதனால்தான். உள்ளே போனதும், இந்தப் படம் மாளிகை அறைக்குள் நுழைந்திருக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பாருங்கள்.

இங்கேதான் “எனக்கும் இதுமாதிரி கிறுக்கத் தெரியும்” என்ற பேச்சு கிளம்பும். கிளம்பட்டும், தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எங்கே தொடங்கியிருப்பார், எது முதல் வண்ணம், எது மேல் வண்ணம், எங்கே தயங்கியிருக்கிறார், எப்போது போதும் என்று கையெடுத்தார் என்று தேடுங்கள். கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். புள்ளி வைக்கும்போதே முழுக்கோலம் மனதில் இருக்கும். ஆனாலும் கை ஒரு இடத்தில் தயங்கும், அந்தத் தயக்கம் மாவில் தெரியும்.

சையது ஹைதர் ராஸாவின் ஒரு படம். 1947இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பல காலம் பிரான்சில் வாழ்ந்தவர். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், சுற்றிலும் கட்டம் கட்டமாக வண்ணம். நான் “பிந்து” என்று விளக்கத் தொடங்குவதற்குள் அத்தை கையை நீட்டிவிட்டாள்.

“ஏய்யா, இது பொட்டுல்லா!”

பொட்டுத்தான். புள்ளி, விதை, தொடக்கம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பள்ளியில் கவனம் சிதறிய பிள்ளையாக இருந்தபோது ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னார் என்று ராஸா சொல்லியிருக்கிறார். ஆக, விளக்கம் தேவைப்பட்டது எனக்குத்தான்.

சென்னைக்காரர்களையும் தேடுங்கள். கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) கோயம்புத்தூரில் பிறந்தவர். 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிவைத்தார். ‘சொற்களும் குறிகளும்’ வரிசையில் எழுத்துப்போல, ஜாதகக் கட்டம்போல ஏதோ நிறைந்திருக்கும், படிக்க முடியாது. படிக்க முடியாத எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு விநோத சுகம். அவருடைய படம் மாட்டியிருக்கும் நேரத்தில் போக வாய்த்தால் கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்.

எத்தனை படம் பார்க்கலாம்? ஒரு சுற்று வந்து, ஐந்தே ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். மாளிகையில் மூன்று, புதுக் கட்டடத்தில் இரண்டு என்றால் ஐந்து ஐந்து நிமிடமாக அரைமணிக்குள் முடியும். மற்றவற்றைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இருக்கும். குற்றாலத்தில் ஒரே நாளில் எல்லா அருவியிலும் குளித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்தத் தண்ணீர் நினைவிருக்கிறது என்று.

பிள்ளைகளும் பெரியவர்களும்

பிள்ளைகளைக் கூட்டிப்போனால் விளக்கம் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். இந்த அறையில் எத்தனை மாடு, எந்த ஆள் உன்னையே பார்க்கிறான், எந்தப் படத்தை நம்ம வீட்டுத் திண்ணையில் மாட்டலாம். பென்சிலும் நோட்டும் கொடுத்துத் தரையில் உட்காரவைத்தால் அரைமணி நேரம் சத்தமிருக்காது. சிற்பத்தைத் தொடக்கூடாது என்பதை வெளியிலேயே சொல்லிவிடுங்கள். கை ஈரமும் எண்ணெயும் வெண்கலத்தைக்கூடக் கறுக்கவைக்கும். கோயில் தூணைத் தடவிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சிரமம்தான்.

பெரியவர்களுக்குப் படி ஏறமுடியுமா, சக்கர நாற்காலி, லிஃப்ட் கிடைக்குமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்.

மிச்ச நேரம், திரும்பும் ரயில்

மூன்று மணி நேரம் போதும். அதற்குமேல் பார்த்தால் முதலில் பார்த்ததும் அழிந்துவிடும். வளாகத்தில் சிற்றுண்டி கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் வெளியே தரிசினி என்று சொல்லும் நல்ல சின்ன ஓட்டல் எதிலாவது நின்றபடி சாப்பிடலாம். கால் இன்னும் தாங்குமென்றால், குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் பக்கம்தான். அங்கே மாணவர்கள் வரைந்துகொண்டிருப்பதையும் பார்க்கலாம். ஜனவரியில் ஒரு ஞாயிறு அந்தச் சாலை முழுக்க ஓவியச் சந்தை நடக்கும். கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு பெரிய கூடம் வேண்டவே வேண்டாம்.

நாகர்கோவில் ரயில் மாலையிலேயே கிளம்பிவிடும். பெங்களூரு நெரிசலை நம்பி ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். ஏறி உட்கார்ந்ததும், கைபேசியைத் திறப்பதற்கு முன்னால், நினைவில் நிற்கும் ஒரு படத்தை நோட்டில் வரைந்து பாருங்கள். நன்றாக வரவேண்டியதில்லை. எது மறந்துபோயிற்றோ அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த தடவை போகும்போது பார்க்கவேண்டியது அதைத்தான்.

அத்தை அன்றைக்கு ஓசூர் தாண்டும்வரை யோசித்துவிட்டு, பென்சிலை வாங்கி ஒரு ஜன்னலை வரைந்தாள். மாளிகை ஜன்னல். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்கார அம்மாவையும் வரைந்தாள், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு.